ஹிஸ்டரின்னா அடிதடி, தமிழ்னா மிச்ச சீட்டு... உண்மையா?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தமிழில் 96 மார்க் வாங்கி, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்ன அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் சேர்ந்திருக்கிறேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் "வேற எதுவும் கிடைக்காதவங்கதான தமிழ் எடுப்பாங்க" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மேத்ஸ்காரங்க சிரிக்கவே மாட்டாங்க, இங்கிலீஷ்னா பீட்டர் விடுவாங்க, காமர்ஸ்னா காசுக்காரங்க, ஹிஸ்டரின்னா அடிதடி என்று ஒவ்வொரு டிபார்ட்மெண்டுக்கும் ஒரு முத்திரை இருக்கிறது. சீனியர்கள் இதைச் சத்தியம் மாதிரி சொல்லுதாங்க. இதெல்லாம் உண்மையா?
— முதலாமாண்டு மாணவி, தென்காசி மாவட்டம்

பதில்: கொஞ்சம் உண்மை இருக்கிறது தாயி, ஆனால் உன் சீனியர்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. அவர்கள் பிள்ளைகளின் குணத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். நின்று கேட்டால், சீட்டு எப்படிப் பங்கிடப்பட்டது, யார் எந்த பஸ்ஸில் வருகிறார்கள், விடிகாலையில் என்ன வேலை பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பதுதான் அந்தப் பேச்சுக்குள் இருக்கும்.

உன் பாடத்திலிருந்தே ஆரம்பிப்போம். அரசுக் கலைக் கல்லூரிகளில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே தரவரிசைப் பட்டியல் போடுவதில்லை. பி.ஏ. தமிழுக்குப் பிளஸ் டூ தமிழ்த் தாளில் வாங்கிய மார்க்கை வைத்து ஒரு பட்டியல், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கிலத் தாளை வைத்து ஒரு பட்டியல், மற்ற பாடங்களுக்கு மொழித்தாள்களை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களையும் கூட்டி 400-க்கு ஒரு பட்டியல். உன் 96 உன்னை அந்தத் தமிழ்ப் பட்டியலில் மேலே கொண்டுபோய் வைத்தது, நீ போய் உட்கார்ந்தாய். முதல் சுற்றுக் கலந்தாய்வில் தமிழ் எடுத்தவர்கள் எல்லாரும் இப்படி வந்தவர்கள்தான். அப்படியென்றால் "மிச்ச சீட்டு" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? கடைசிச் சுற்றிலிருந்து. காமர்ஸும் கம்ப்யூட்டர் சயின்ஸும் முதலில் நிரம்பிவிடும், தமிழிலும் வரலாற்றிலும் பொருளியலிலும் கொஞ்சம் இடம் காலியாக நிற்கும், வேறு வழியில்லாமல் ஜூலை கடைசியில் வருகிற பிள்ளைகளை அங்கே சேர்ப்பார்கள். ஆக உன் வகுப்பில் விரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள், ஒதுங்கி வந்தவர்களும் இருக்கிறார்கள். பார்க்கிறவன் கண்ணுக்கு இரண்டாமவர்தான் படுகிறார். நான் கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் கவனித்தது ஒன்று: மூன்றாவது செமஸ்டர் வந்துவிட்டால் யார் விரும்பி வந்தவர், யார் ஒதுங்கி வந்தவர் என்று வாத்தியாருக்கே தெரியாது. ஒதுங்கி வந்த சிலர்தான் சங்க இலக்கியத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நிற்பார்கள்.

ஹிஸ்டரி பையன்கள் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதில்தான் அநியாயம் அதிகம். அவர்களில் நிறையப் பேர் போலீஸ் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி.க்கும் தயாராகிறவர்கள். வரலாறும் அரசியலமைப்பும் அந்தத் தேர்வுகளில் வருகிறது என்று கணக்குப் போட்டுத்தான் இந்தப் பாடத்தை எடுத்திருப்பார்கள். இரண்டாம் நிலைக் காவலர் உடல்தகுதித் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், அப்புறம் கயிறு ஏற வேண்டும், நீளமோ உயரமோ தாண்ட வேண்டும். பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியம் பக்கம் விடியற்காலை போய்ப் பாருங்கள், ஓடுகிற பையன்களில் எத்தனை பேர் பி.ஏ. வரலாறு என்று கேட்டுப் பாருங்கள். அங்கே ஓடிவிட்டு, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, தோளும் மார்புமாகக் கும்பலாகக் கேன்டீனுக்குள் வருகிறவர்களைப் பார்த்து "அடிதடி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். சண்டையில் மாட்டி வழக்கு ஒன்று பதிவானால் போலீஸ் வேலைக்கு முன் நடக்கும் விசாரணையில் எல்லாம் போச்சு என்று பயந்து பயந்து ஒதுங்கிப் போகிறவர்கள் அவர்கள்தான்.

காமர்ஸ்காரர்கள் காசுக்காரர்கள் என்பதும் அப்படியே. அந்த வகுப்பில் கடை வைத்திருக்கிறவர்களின் பிள்ளைகள் சிலர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் டவுன் நயினார்குளம் மார்க்கெட்டில் இருட்டோடு இருட்டாகக் காய்கறி மூட்டை இறக்கிவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு வந்து முதல் பீரியடில் உட்காரும் பி.காம். மாணவனும் உண்டு. அவன் கையைப் பார்த்தால் உள்ளங்கையில் சாக்கு உராய்ந்த தழும்பு இருக்கும், நகத்துக்குள் மண் இருக்கும், பேரேட்டில் பற்று வரவு எழுதும்போது எழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். பதினொரு மணிக்கு அவன் கண் சொக்கினால் "காமர்ஸ் பயலுவ தூங்குமூஞ்சி" என்பார்கள். அவன் எத்தனை மணிக்கு எழுந்தான் என்று யாரும் கேட்பதில்லை.

மேத்ஸ் பற்றிச் சொல்வதில் மட்டும் பாதியை ஒத்துக்கொள்வேன். ஒருநாள் வகுப்புக்கு வராமல் இருந்தால் மறுநாள் பாடம் தலையும் புரியாது வாலும் புரியாது, அதனால் அவர்கள் லீவு போட மாட்டார்கள், அரட்டைக்கும் நிற்க மாட்டார்கள். பாடம் அப்படி ஆக்குகிறது. அதே பிள்ளைகளைச் சுற்றுலா பஸ்ஸில் பாருங்கள், குற்றாலம் போய்த் திரும்பும் வரை பாட்டு நிற்காது. ஆங்கிலத்திலோ பீட்டர் விடுகிறவர்கள் வகுப்புக்கு இரண்டு பேர், மூன்று பேர். மற்றவர்கள் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஷேக்ஸ்பியரோடு மல்லுக்கட்டிக்கொண்டு வாயே திறக்காமல் இருக்கிறவர்கள்.

ஒன்று கவனி. இந்த முத்திரையெல்லாம் சின்னக் கல்லூரியில்தான் இத்தனை கெட்டியாக ஒட்டும். பெரிய கல்லூரியில் ஆயிரக்கணக்கான பேர், யார் எந்த டிபார்ட்மெண்ட் என்றே தெரியாது. உங்கள் கல்லூரியில் ஒரே மாடிப்படி, ஒரே கேன்டீன், ஒரே பஸ் ஸ்டாப். என்றோ ஒரு வருடம் கல்ச்சுரல்ஸில் நான்கு பேர் சண்டை போட்டிருப்பார்கள், அவர்கள் படித்து முடித்துக் கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்ற பிறகும் அந்த டிபார்ட்மெண்டின் பெயர் அந்த நான்கு பேரின் பெயராகவே இருக்கும்.

நம் பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் பெயரையே எடுத்துக்கொள். 1990-இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் யார் பெயரில் இருக்கிறது? இன்று நாம் விழா மேடையில் எழுந்து நின்று பாடுகிற தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதிய சுந்தரம் பிள்ளை, திருவனந்தபுரத்தில் தத்துவம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர். தத்துவம் படித்தவனுக்குத் தமிழ்ச் செய்யுள் எதற்கு என்று அவர் நினைத்திருந்தால் நமக்கு அந்தப் பாட்டு இல்லை.

கடைசியாக ஒன்று. குரூப் 4 தேர்வில் 200 கேள்வியில் 100 தமிழ். அந்தப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காதவர்களின் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். உன்னைக் கேலி பேசுகிற பிசிக்ஸ் அக்கா ஒருநாள் இலக்கண நோட்டுக் கேட்டு உன்னிடம் வருவாள். கொடு.

கேள்வி: எங்க மகள் கல்லூரிக்குப் போகிறாள். "மாசம் ஆயிரம் ரூவா கிடைக்குன்னுதான் இந்தப் பிள்ளைய காலேஜுக்கு வருதுவ, படிக்கவா வருது" என்று பஸ்ஸில் ஒருவர் அவள் காதுபடவே சொல்லியிருக்கிறார். பிள்ளை அழுதுகொண்டு வந்தாள்.
— ஒரு தாய், முக்கூடல்

பதில்: அம்மா, படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. 6 முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளை கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே விழும். பிறகு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் நீட்டித்தார்கள், பையன்களுக்கும் 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. இலவசமாக வாங்கித் தின்ன வருகிறார்கள் என்று பேசுகிறவருக்கு முக்கூடலும் ஆலங்குளமும் கடையமும் எப்படிப் பிழைக்கிறது என்று தெரியாது போலிருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் வகுப்பில் இருந்த ஒரு பிள்ளை, கல்லூரி விட்டுப் போனதும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு அம்மாவோடு பீடி சுற்ற உட்கார்ந்துவிடும். ஈரத்துணியில் சுற்றி வைத்த இலையை அளவு பார்த்து வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, முனையை மடக்கி, நூலைக் கட்டி, ராத்திரிக்குள் கடைக்குக் கொடுக்க வேண்டிய எண்ணிக்கை முடிய வேண்டும். பரீட்சை நேரத்தில் சுவரில் நோட்டைச் சாத்தி வைத்துக்கொண்டு, கை பாட்டுக்குச் சுற்ற, கண் நோட்டில் ஓடும். விடைத்தாளை வாங்கினால் லேசாகப் புகையிலை வாசனை அடிக்கும். அந்த வீட்டில் மாதம் ஆயிரம் ரூபாய் என்பது அத்தனை பீடி சுற்றாமல் படிக்கக் கிடைக்கிற நேரம். பணத்துக்காக வருகிறாள் என்கிறவரிடம், ஆமாம், அந்தப் பணம் இருப்பதால் வர முடிகிறது என்று தலை நிமிர்ந்து சொல்லச் சொல்லுங்கள். பெரிய வீட்டுப் பிள்ளைக்கு அப்பா ஃபீஸ் கட்டினால் அவன் பணத்துக்காகப் படிக்கிறான் என்று யாரும் சொல்வதில்லையே.

கேள்வி: செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவில் படிக்கிறவர்கள் "காசு கொடுத்து சீட் வாங்கினவங்க" என்கிறார்களே, சரியா?
— வாசகர், வள்ளியூர்

பதில்: அரசு உதவி பெறும் கல்லூரிகளில் பழைய பாடங்கள் உதவி பெறும் பிரிவிலும், பி.சி.ஏ., பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன், விஸ்காம் மாதிரிப் பின்னால் வந்த பாடங்கள் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவிலும் இருக்கும். அந்தப் பாடம் வேண்டுமென்றால் அங்கேதான் போயாக வேண்டும். ஃபீஸ் கூடுதல் என்பது உண்மை, அந்த ஃபீஸை நகையை அடகு வைத்துக் கட்டுகிற வீடுகளும் உண்டு என்பதும் உண்மை.

கேள்வி: என் அண்ணன் குடும்பத்தோடு அமெரிக்காவில் இருக்கிறார். அவர் மகள் இன்ஜினியரிங் வேண்டாம், சின்ன "லிபரல் ஆர்ட்ஸ்" கல்லூரியில்தான் சேருவேன் என்கிறாள். அங்கே படிக்கிறவங்க எல்லாம் பணக்காரப் பிள்ளைகள், புத்தகப் புழுக்கள், எதுக்கெடுத்தாலும் கொடி பிடிக்கிறவங்க என்று அண்ணனும் மைனியும் பயப்படுகிறார்கள். நம்ம ஊர் ஆர்ட்ஸ் காலேஜ் மாதிரிதானா அது?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: நம் ஆர்ட்ஸ் காலேஜில் சேரும்போதே பாடத்தை முடிவு செய்துவிடுகிறோம். அங்கே இரண்டு வருடம் இயற்பியல், வரலாறு, இசை என்று கலந்து படித்துவிட்டுப் பிறகுதான் முதன்மைப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். மொத்தக் கல்லூரியே பெரும்பாலும் 1500 முதல் 3000 மாணவர்களுக்குள் இருக்கும். சின்ன இடம் என்பதால் அங்கேயும் முத்திரை கெட்டிதான், கல்லூரிக்கே ஒரு முத்திரை குத்திவிடுவார்கள். ஸ்வார்த்மோர் என்றால் படிப்பு வெறியர்கள், ஓபர்லின் என்றால் போராட்டக்காரர்கள், ரீட் என்றால் விசித்திரப் பிறவிகள்.

இதற்கெல்லாம் ஒரு அடிப்படை உண்டு. 1833-இல் தொடங்கிய ஓபர்லின் 1835-லேயே கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது, 1837-இல் பெண்களைப் பட்டப்படிப்பில் சேர்த்தது, அடிமை முறையை எதிர்த்தவர்களின் கோட்டையாக இருந்தது. ரீட் கல்லூரியில் ஒவ்வொரு மாணவரும் கடைசி வருடம் ஓர் ஆய்வேடு எழுதியே ஆக வேண்டும். ஸ்வார்த்மோரில் முதல் செமஸ்டருக்குக் கிரேடு போடுவதில்லை, புதுப் பிள்ளைகள் மார்க் பயம் இல்லாமல் பழகட்டும் என்று. கல்லூரியின் வரலாறும் விதியும் ஒரு பெயரை உண்டாக்குகிறது, அந்தப் பெயர் பிடித்தவர்கள் தேடி வந்து சேருகிறார்கள், பெயர் மேலும் உறுதியாகிறது. அதனால் கல்லூரியைப் பற்றிய பேச்சு ஓரளவு சரியாகத்தான் இருக்கும்.

பணக்காரப் பிள்ளைகள் என்பதும் கூட்டிப் பார்த்தால் பொய் இல்லை. 2017-இல் பொருளியல் அறிஞர் ராஜ் செட்டியும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், வருமானத்தில் உச்சியில் இருக்கும் ஒரு சதவீதக் குடும்பங்களிலிருந்து வந்த மாணவர்கள், கீழே இருக்கும் 60 சதவீதக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களைவிட அதிகமாக இருந்த கல்லூரிகள் 38 என்று வந்தது, அதில் இந்த மாதிரிச் சின்னக் கல்லூரிகள் பல. ஸ்வார்த்மோர் மாதிரி இடங்களில் விடுதியோடு சேர்த்து வருடக் கட்டணம் 80,000 டாலரைத் தாண்டுகிறது. ஆனால் அதே இடங்கள் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகையும் பெரிதாகக் கொடுக்கின்றன. முழுக் கட்டணத்தைப் பார்த்து மிரண்டு விண்ணப்பிக்காமல் விட்டுவிட வேண்டாம், ஒவ்வொரு கல்லூரி இணையதளத்திலும் குடும்ப வருமானத்தைப் போட்டால் உத்தேசச் செலவைக் காட்டும் கணக்கி இருக்கிறது, அண்ணனை இந்த வாரமே உட்கார்ந்து போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஓபர்லின் நமக்கு அப்படி ஒன்றும் தூரமில்லை. 1881-இல் தொடங்கிய மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் ஓபர்லினோடு நெடுநாள் தொடர்பு உண்டு, அங்கே பட்டம் முடித்த இளைஞர்கள் மதுரைக்கு வந்து ஆங்கிலம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மதுரைப் பக்கம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அந்தப் பிள்ளைகள் எப்படி என்று நேரில் கேட்டுவிடலாம், மைனிக்கும் நிம்மதி.

கேள்வி: சார், கல்லூரியில் சேர்ந்த முதல் நாளிலிருந்து எல்லாரும் கேட்பது "எந்த ஊரு?". ஊர்ப் பெயரைச் சொன்னதும் முகம் மாறுகிறது. "அந்த ஊர்க்காரனுவ அருவா தூக்குறவனுவ" என்கிறார்கள், இல்லையென்றால் அதைவிட மோசமாக. வகுப்பில் பதில் தெரிந்தாலும் எழுந்து சொல்லக் கூசுகிறது. நான் என்ன செய்ய?
— மாணவர், நாங்குநேரி வட்டாரம்

பதில்: தம்பி, மேலே பேசிய டிபார்ட்மெண்ட் முத்திரையும் இதுவும் ஒன்றல்ல. அது பட்டம் வாங்கினதும் உதிர்ந்துவிடும். நம் பக்கத்தில் "எந்த ஊரு, எந்தத் தெரு" என்று கேட்பது பாதி நேரம் சாதியைக் கேட்பதுதான், இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. வெளியூரில் போய்த் திருநெல்வேலி என்றாலே அருவாள்தானே என்று யாராவது சொன்னால் நம் எல்லாருக்கும் சுருக்கென்று இருக்கிறது. அதே ஆட்கள் பஸ் ஏறி ஊருக்கு வந்ததும் அடுத்த ஊர்க்காரனை அப்படியே சொல்கிறார்கள்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனும் அவன் தங்கையும் கூடப் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டதை மறக்க முடியாது. அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டுகிற கலர் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எதுவும் மாணவர்களிடம் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. கையில் கயிறு இல்லாவிட்டால் ஊர்ப் பெயரைக் கேட்டுக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள் என்பதுதான் உன் கடிதம் சொல்கிற சேதி.

எழுந்து பதில் சொல்லக் கூசுகிறது என்று எழுதியிருக்கிறாயே, அது உன் கோழைத்தனம் என்று நினைத்துவிடாதே. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம் ஏழாம் வகுப்புப் பையன்களுக்குப் புதிர்ப்பாதைத் தாளைக் கொடுத்து, வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். 2006-இல் வெளிவந்த ஆய்வு அது. சாதியைப் பற்றிப் பேசாமல் கொடுத்தபோது எந்தச் சாதிப் பையன்களும் ஒன்றுபோலவே போட்டார்கள். எல்லார் முன்னாலும் பெயரோடு சாதியையும் படித்த பிறகு கொடுத்தபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் போட்டு முடித்த எண்ணிக்கை நன்றாகக் குறைந்துவிட்டது. தாளும் அதே, வயசும் அதே. "இவர்கள் மக்கு" என்ற பேச்சு எப்படித் தன்னைத் தானே உண்மையாக்கிக்கொள்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? வாத்தியார்மார் யாராவது இதைப் படித்தால் உங்களை மன்றாடிக் கேட்கிறேன், முதல் வகுப்பில் அறிமுகம் செய்யும்போது ஊரைக் கேட்காதீர்கள். என்ன பிடிக்கும், பள்ளியில் எந்தப் பாடம் கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள்.

தம்பி, நீ செய்ய வேண்டியது. பதில் தெரிந்தால் முதலில் எழுதிவை, வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் காட்டு, ஒரு மாதம் இப்படிப் போனால் அவரே உன்னை எழுப்பிக் கேட்பார், அப்போது கூச்சம் பாதி குறைந்திருக்கும். உன்னைப் போலவே ஊர்ப் பெயருக்காகக் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிற இன்னொருவன் அந்த வகுப்பிலேயே இருப்பான், அவன் எந்தச் சாதியாக இருந்தாலும் அவன் பக்கத்தில் போய் உட்கார். பேச்சு எல்லை மீறினால் பொறுத்துப் போகாதே. பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் தடுப்பு விதிகளில் 2016-இல் செய்த திருத்தத்தின்படி, சாதி, பிறந்த ஊர், வசிக்கிற இடம், பண வசதி இவற்றைச் சொல்லி ஒரு மாணவரை உடலாலோ மனதாலோ துன்புறுத்துவதும் ராகிங்தான். கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழுவிடம் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் எல்லாம் போட்டு எழுத்தில் கொடு, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள். அங்கே அசட்டை செய்தால் 1800-180-5522 என்ற இலவச எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம்.